ஐப்பசி மழைக்கு முன் கொட்டகையில் என்ன தயார் செய்ய வேண்டும்?

கேள்வி: புதுவயல் பக்கம் கண்மாய்க் கரைக்குக் கீழே எங்கள் கொட்டகை இருக்கிறது. தகரக் கூரை, மண் தரை. மழை பெய்தால் உள்ளே சொதசொதவென்று ஆகிவிடும். 2 கலப்பினப் பசு, 25 வெள்ளாடு, கொஞ்சம் நாட்டுக்கோழி வைத்திருக்கிறேன். போன கார்த்திகை அடைமழையில் பிறந்த குட்டிகளில் பாதிக்கு மேல் இரண்டு மூன்று நாளில் செத்துவிட்டன. இந்த வருஷம் முன்கூட்டியே என்ன செய்ய வேண்டும்? புயல் வந்தால் மாடு, ஆடுகளைக் கட்டியே வைப்பதா, அவிழ்த்து விடுவதா?
(வாசகி, காரைக்குடி வட்டம்)

பதில்: உங்கள் கேள்வியிலேயே பாதி விடை இருக்கிறது அம்மா. குட்டிகளைக் கொன்றது அந்தச் சொதசொதத் தரையாகத்தான் இருக்க வேண்டும். நம் பக்கத்துக் குளிர் அப்படியொன்றும் கடுமையானதில்லை. மயிர் காய்ந்திருக்கிற ஆடு மார்கழிப் பனியைத் தாங்கிவிடும். மயிருக்கு இடையில் நிற்கிற காற்றுதான் ஆட்டுக்குப் போர்வை. நனைந்தால் அந்தக் காற்று போய்விடுகிறது, அதன்மேல் வாடைக்காற்றும் பட்டால் உடம்புச் சூடு மளமளவென்று இறங்கும். பிறந்த குட்டி இரண்டு கிலோ தேறுவதே பெரிது, உடம்பில் கொழுப்பும் இருக்காது. ராத்திரி நனைந்தது விடியும்போது விறைத்துக் கிடக்கும். ஆகவே கையில் இருக்கிற காசை முதலில் தரையில் போடுங்கள். கூரையும் மருந்தும் அதற்கு அடுத்துதான்.

கொட்டகைத் தரை வெளித்தரையைவிட ஓர் அடியாவது உயர்ந்திருக்க வேண்டும். நம் ஊரில் சரளைக்குப் பஞ்சமில்லை. அரை அடிக்கு ஒரு தடவை தண்ணீர் தெளித்துத் திமிசுக் கட்டையால் இடித்து இறுக்குங்கள். ஒரே மூச்சில் ஓர் அடி கொட்டி மேலே மட்டும் இடித்தால், முதல் மழைக்கே குளம்பு பட்டு குழி விழும். பத்து அடி நீளத்துக்கு மூன்று அங்குலம் சரிவு கொடுத்தால் மூத்திரம் தேங்காது. கொட்டகையைச் சுற்றி ஓர் அடி அகலம், ஓர் அடி ஆழத்தில் வாய்க்கால் வெட்டி, தண்ணீர் போய்ச் சேரும் இடம் வரை கொண்டுபோய் விடுங்கள். பாதியில் விட்ட வாய்க்கால் தண்ணீரைக் கொட்டகைக்கே திருப்பிவிடும். வசதி இருந்தால் ஆடுகளுக்கு மட்டும் மூன்றடி உயரத்தில் பனஞ்சட்டப் பரண் போடலாம். சட்டங்களுக்கு இடையில் ஒன்றரை சென்டிமீட்டர் இடைவெளி போதும். இரண்டைத் தாண்டினால் குட்டிக் கால் சிக்கி முறியும். பெரிய ஆடு ஒன்றுக்குப் பத்துப் பன்னிரண்டு சதுர அடி கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். குட்டிகள் படுக்கும் மூலையில் கடலைத் தொலி அல்லது காய்ந்த மணல் நாலு விரற்கிடை போட்டு, நனைந்ததை அன்றன்றைக்கே அள்ளிவிட வேண்டும்.

அடுத்து காற்று. வடகிழக்குப் பருவமழையில் சாரல் அடிப்பது பெரும்பாலும் வடக்கும் கிழக்கும்தான். அந்த இரண்டு பக்கமும் சாக்குப் படுதாவோ தார்ப்பாயோ கட்டுங்கள். ஆனால் கூரைக்குக் கீழே ஓர் அடி திறந்தே இருக்கட்டும். குளிருக்குப் பயந்து நான்கு பக்கமும் மூடுவது பலரும் செய்கிற தப்பு. மூத்திரத்திலிருந்து கிளம்பும் அமோனியா உள்ளேயே சுற்றி நுரையீரலைப் புண்ணாக்கும், அதன்பின் சளிக்காய்ச்சல் சுலபமாக ஒட்டிக்கொள்ளும். சோதிக்க ஒரு வழி இருக்கிறது. விடியற்காலையில் கொட்டகைக்குள் போய், ஆடு படுக்கிற உயரத்துக்குக் குந்தி உட்கார்ந்து மூச்சை இழுத்துப் பாருங்கள். கண் கரித்தால் காற்றோட்டம் போதாது. குளிருக்காகக் கரி அடுப்பு மூட்டி, கொட்டகையை மூடிவைக்கவே கூடாது. கரியிலிருந்து வரும் புகையில்லாத கார்பன் மோனாக்சைடு வாயு ஆட்டையும் கொல்லும், காவலுக்குப் படுத்திருக்கிற ஆளையும் கொல்லும்.

தீவனம் பத்து நாளைக்குக் கையிருப்பு வேண்டும். பசு ஒன்றுக்கு நாளுக்கு 6 கிலோ வைக்கோல் என்றால் இரண்டுக்கும் 120 கிலோ. ஆடு ஒன்றுக்கு முக்கால் கிலோ காய்ந்த கடலைக்கொடி என்றால் 25 ஆட்டுக்கு ஏறத்தாழ 190 கிலோ. வைக்கோல் படப்பைத் தரையில் போடாமல், கல்லோ பனந்துண்டோ அடுக்கி ஒன்றரை அடி உயர்த்திப் போடுங்கள், உச்சியைக் கூம்பாக முடியுங்கள். ஈரத்தோடு அடுக்கினால் உள்ளே சூடேறிப் பூஞ்சை பிடிக்கும். கறுத்தும் வெளுத்தும் போன வைக்கோலைச் சினை மாட்டுக்குப் போடாதீர்கள், கருச்சிதைவு வரும்.

மழை விட்டதும் பச்சைப் பசேலென்று முளைக்கிற புல்லில் ஓர் ஆபத்து இருக்கிறது. காய்ந்த வயிற்றோடு போய் அதை மேய்ந்த ஆட்டுக்குக் குடலில் கிருமி பெருகி துள்ளுமாரி வரும். நேற்று நன்றாகத் துள்ளிய ஆடு இன்று செத்துக் கிடக்கும். இதற்குத் தடுப்பூசி இருக்கிறது. முதல் முறை போடுகிறவர்கள் 14 நாள் கழித்து இரண்டாவது ஊசியும் போட வேண்டும், அதன்பிறகுதான் முழுப் பலன். ஆகவே புரட்டாசிக்குள் கால்நடை மருந்தகத்தில் சொல்லிவிடுங்கள். பசுக்களுக்குத் தொண்டை அடைப்பான், கோமாரி ஊசிகளையும், கோழிகளுக்கு வெள்ளைக்கழிச்சல் ஊசியையும் அப்போதே கேளுங்கள். எந்த ஆடு எத்தனை மாதச் சினை என்று மருத்துவரிடம் சொல்ல மறக்க வேண்டாம். ஊசி போட்டாலும், காலையில் முதலில் கடலைக்கொடி போட்டு, பனி காய்ந்து ஒன்பது பத்து மணி ஆனபிறகே வெளியே ஓட்டுங்கள். கண்மாயின் உள்வாய்ச் சகதியில் மேயவிட்டால் நத்தை வழியாகத் தட்டைப்புழு ஏறும், அங்கே ஓட்டவே வேண்டாம்.

பசுக்களுக்கு ஈரத் தரையால் வருவது மடிநோய். கறந்ததும் காம்புத் துளை மூடச் சற்று நேரம் பிடிக்கும். அதற்குள் சாணியில் படுத்தால் கிருமி உள்ளே போய்விடும். கறந்தவுடன் காம்பை அயோடின் கரைசலில் முக்கி, முன்னால் தீனி போட்டு அரை மணி நேரம் நிற்க வையுங்கள்.

இனி குட்டிகள். பிறந்ததும் காய்ந்த சாக்கால் அழுந்தத் துடைத்து, தொப்புள்கொடியை டிஞ்சர் அயோடினில் முக்குங்கள். ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் குடித்தாக வேண்டும். உடல் எடையில் கிலோவுக்கு 50 மில்லி வீதம், முதல் நாளில் மூன்று தடவையாவது போக வேண்டும். இரண்டு கிலோ குட்டிக்கு ஒரு தடவைக்கு 100 மில்லி. துவண்டு கிடக்கிற குட்டியைப் பார்த்தால் வாய்க்குள் விரலை விடுங்கள். வாய் ஜில்லென்று இருந்து, விரலைச் சப்பாமல் இருந்தால் உடம்பு விறைத்துவிட்டது என்று அர்த்தம். அந்த நேரத்தில் எல்லோரும் செய்வது பாலைக் காய்ச்சி வாயில் ஊற்றுவது. அதைச் செய்யவே கூடாது. விழுங்கத் தெம்பில்லாத குட்டிக்குப் பால் நுரையீரலுக்குள் போகும், இறங்கிய பாலும் குளிர்ந்த வயிற்றில் செரிக்காது.

மருந்துக் கடையில் ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கி வையுங்கள். ஆசனவாயில் வைத்துப் பார்த்தால் நல்ல குட்டிக்கு 102, 103 டிகிரி ஃபாரன்ஹீட் இருக்கும். 99க்கு மேல் இருந்து, சப்பவும் செய்தால், துடைத்துக் காயவைத்துப் பால் கொடுக்கலாம். 99க்குக் கீழே என்றால் முதலில் சூடுதான். ஒரு அட்டைப்பெட்டியில் கடலைத் தொலி போட்டு, இரண்டடி உயரத்தில் 60 வாட் குண்டு பல்பைக் கம்பிவலைக்குள் தொங்கவிடுங்கள். எல்.இ.டி. பல்பு சூடு தராது. அடைமழையில் கரண்ட் இருக்குமென்று நம்ப முடியாது. எனவே வெந்நீர் பாட்டில் இரண்டைத் துணி சுற்றி இரு பக்கமும் வையுங்கள், ஆறியதும் மாற்றிக்கொண்டே இருங்கள். உங்கள் முன்கையில் சுடாத சூடு போதும். சூடு ஏறி, தலையைத் தானே தூக்கி விரலைச் சப்பத் தொடங்கிய பிறகு பால். பிறந்து ஐந்தாறு மணி நேரத்துக்கு மேல் பால் குடிக்காமல் விறைத்த குட்டியின் ரத்தத்தில் சர்க்கரையும் இறங்கியிருக்கும். சூடு மட்டும் கொடுத்தால் வலிப்பு வந்து சாகும். மருத்துவர் வயிற்றுக்குள் குளுக்கோஸ் ஏற்றித்தான் சூடுபடுத்துவார். நீங்களாக ஊசி போடாமல் 1962க்கு அடியுங்கள், நடமாடும் கால்நடை மருத்துவ வண்டி வரும். வரும்வரை கெட்டியான வெல்லக் கரைசலை விரலில் தொட்டு ஈறில் தடவிக்கொண்டிருக்கலாம். அடுத்த வருஷத்துக்கு ஒரு யோசனை: வெள்ளாட்டுச் சினை ஐந்து மாதம். வைகாசி, ஆனியில் கிடாயைப் பிரித்து வைத்தால் ஐப்பசி, கார்த்திகையில் குட்டி விழாது.

புயல் பற்றிக் கேட்டீர்கள். கடலிலிருந்து தள்ளியிருக்கிறோம் என்று நாம் அசட்டையாக இருக்க முடியாது. 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் பக்கம் கரை கடந்த கஜா, உள்ளே வந்து புதுக்கோட்டை மாவட்டத்தைப் புரட்டிப்போட்டது நமக்குப் பக்கத்தில்தான். காற்று பலமாக வீசும் என்ற எச்சரிக்கை வந்தால் தகரக் கொட்டகைக்குள் கட்டி வைக்காதீர்கள். காற்று முகப்பு வழியாகப் புகுந்து தகரத்தைக் கீழிருந்து தூக்கும், பிய்ந்த தகரம் அரிவாளாகப் பறக்கும். கான்கிரீட் கூரையுள்ள கட்டடம் கிடைத்தால் அங்கே கொண்டுபோங்கள். கிடைக்காவிட்டால் கயிற்றை அவிழ்த்து, மரமும் மின்கம்பமும் இல்லாத மேட்டுப் பொட்டலில் விடுங்கள். கட்டிப்போடாத மாடு காற்றுக்கு முதுகைக் காட்டித் தானே ஒதுங்கும், தண்ணீர் ஏறினால் மேட்டுக்குப் போகும். புளிய மரத்தடியும் ஒற்றைப் பனையடியும் கூடவே கூடாது, முறிந்து விழும், இடியும் இறங்கும். எச்சரிக்கை வந்த பகலிலேயே காது வில்லை எண்ணைக் குறித்து, ஒவ்வோர் உருப்படியையும் போனில் படம் எடுத்துவிடுங்கள். கொட்டகை மின்சாரத்தை மெயினிலேயே நிறுத்துங்கள். அறுந்த கம்பி ஈரத்தரையில் கிடந்தால் மாட்டின் முன்காலுக்கும் பின்காலுக்கும் இடையில் மின்னழுத்தம் பாய்ந்து, நமக்கு உறைக்காத இடத்தில்கூட மாடு விழுந்துவிடும். கிட்டே போகாமல் மின்னகம் 94987 94987க்குச் சொல்லுங்கள்.

உங்கள் விஷயத்தில் காற்றைவிட எனக்குக் கவலை கண்மாய்க் கரைதான். கண்மாய் நிறைந்திருக்கும் நாட்களில் காலை, மாலை இரண்டு வேளையும் கரையின் வெளிச்சரிவில் நடந்து பாருங்கள். தெளிந்த தண்ணீர் மெல்லக் கசிந்தால் கவனித்துக்கொண்டே இருங்கள். கலங்கல் தண்ணீர் ஊற்றுப்போலக் கொப்பளித்தால் உள்ளே மண் அரிபடுகிறது, கொட்டகையை உடனே காலி செய்யுங்கள். அந்த ஊற்றை மண் போட்டு அடைக்கக் கூடாது, தண்ணீர் வேறு இடத்தில் பிய்த்துக்கொள்ளும். அதைச் சுற்றி மணல் மூட்டையை வட்டமாக அடுக்கி உள்ளே தண்ணீர் மட்டத்தை உயர்த்த வேண்டும், அப்போதுதான் அரிப்பின் வேகம் குறையும். அதோடு, கலுங்கில், அதாவது கண்மாயின் உபரி நீர் வழிந்து போகும் இடத்தில், மூட்டை அடுக்கி அரை அடி கூடுதலாகத் தேக்குகிற வழக்கத்தை ஊர்க் கூட்டத்தில் பேசி நிறுத்துங்கள். கலுங்கு வழியாகப் போகாத தண்ணீர் கரையைத் தாண்டித்தான் போகும். கரையில் ஆபத்து தெரிந்தால் தகவல் சொல்ல வேண்டிய இடம்: 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு (பாசன நிலம்) உள்ள கண்மாய் என்றால் நீர்வளத் துறை, அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம். ராத்திரி என்றால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077. மடை, கலுங்கு தெரிந்த நீர்ப்பாய்ச்சி, டிராக்டர் வைத்திருப்பவர், மரம் அறுக்கும் மெஷின் வைத்திருப்பவர், ஜெனரேட்டர் உள்ள வீடு: இவர்களுடைய எண்களை ஒரு தாளில் எழுதிக் கொட்டகைச் சுவரில் ஒட்டுங்கள். போனில் மட்டும் இருந்தால் சார்ஜ் போனதும் எண்ணும் போய்விடும்.

மழை விட்டபின், வெள்ளம் புகுந்த கிணற்று நீரை இறைத்துவிட்டு, 1000 லிட்டருக்கு 2.5 கிராம் பிளீச்சிங் பவுடர் கணக்கில் வாளியில் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் கிணற்றில் ஊற்றுங்கள். ஒரு மணி நேரம் கழித்துப் பயன்படுத்தலாம். சகதியில் நின்ற ஆடுகளின் குளம்பிடுக்கைக் கழுவித் துடைத்து, அழுகல் வாடை இருக்கிறதா என்று பாருங்கள்.

ஏதாவது இறந்துபோனால் உடனே புதைத்துவிடாதீர்கள். கிராம நிர்வாக அலுவலருக்கும் கால்நடை மருத்துவருக்கும் சொல்லி, பரிசோதனைச் சான்று வாங்கிய பிறகே புதைக்க வேண்டும். அது இல்லாமல் நிவாரணமும் காப்பீடும் நின்றுபோகும். 2023 டிசம்பரில் அரசு அறிவித்த நிவாரணம் பசுவுக்கு 37,500 ரூபாய், ஆட்டுக்கு 4,000 ரூபாய். புதைகுழி ஆறடி ஆழம் இருக்கட்டும், கிணற்றுக்கும் ஊருணிக்கும் நூறடியாவது தள்ளி, மேலே சுண்ணாம்பு தூவி மூடுங்கள்.