கலைந்தது இருக்கட்டும், பாட்டு எங்கே?

கேள்வி: நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து சேலத்தில் ராக் பேண்டு வைத்திருந்தோம். எல்லாம் சொந்தப் பாட்டு. கல்லூரி விழாக்களிலும் ஏற்காட்டில் ஒரு ரிசார்ட்டிலும் வாசித்தோம். இரண்டே வருடத்தில் கலைந்துவிட்டது. ஸ்லிண்ட் என்ற அமெரிக்க பேண்டும் சீக்கிரமே கலைந்ததுதான், இன்றும் கொண்டாடுகிறார்கள். எங்களையும் ஒருநாள் கண்டுகொள்வார்களா?
- ஒரு வாசகர், அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: எதைக் கேட்டுக் கண்டுகொள்வது? உங்கள் கடிதம் நாலு பக்கம். பேண்டுக்குப் பெயர் வைப்பதில் வந்த சண்டைக்கே ஒரு பக்கம் போய்விட்டது. பாட்டை எங்கே பதிவு செய்தீர்கள் என்று ஒரு வரி இல்லை.

ஸ்லிண்ட் கலைந்ததால் பெயர் வாங்கவில்லை. கென்டக்கி மாநிலத்து லூயிவில்லில் 1986-ல் சேர்ந்த இளவட்டங்கள் அவர்கள். 1990 கோடை முழுக்க டிரம்மர் வீட்டு பேஸ்மென்டில் அடைந்து கிடந்து பயிற்சி. ஆகஸ்டில் சிகாகோ போய் நாலே நாளில் ஆறு பாட்டைப் பதிவு செய்தார்கள். அதுதான் 'ஸ்பைடர்லேண்ட்'. பக்கத்தில் உட்கார்ந்து கதை சொல்வதுபோல் ஒரு குரல் தணிந்து பேசிக்கொண்டே போகும். எதிர்பாராத இடத்தில் கிட்டார்கள் இடியாக இறங்கும். 1991-ல் ஆல்பம் கடைக்கு வந்தபோது பேண்டே இல்லை. அட்டையின் பின்பக்கத்தில் மட்டும், பாட விருப்பமுள்ள பெண்கள் எழுதலாம் என்று முகவரி இருந்தது. கலைந்த பேண்டுக்கு ஆள் தேடும் விளம்பரம்! மெலடி மேக்கர் என்ற பிரிட்டிஷ் இசைப் பத்திரிகையில் ரெக்கார்டிங் இன்ஜினியர் ஸ்டீவ் அல்பினி பத்து நட்சத்திரம் கொடுத்தார். (இதற்கு முந்தைய, அவர்களின் முதல் ஆல்பத்தைப் பதிவு செய்தவரே அவர்தான். கொஞ்சம் பாசமும் இருந்திருக்கும்.) மற்றவர்கள் மெதுவாகத்தான் வந்தார்கள். வந்தவர்களுக்குக் கேட்க ஆல்பம் இருந்தது. 2005-ல் பழைய ஆட்களே மறுபடி மேடையேறும் அளவுக்கு ரசிகர்கள் சேர்ந்துவிட்டார்கள்.

அவ்வளவு தூரம் எதற்கு? ரிசார்ட்டுக்குப் போகும்போது ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைப் பார்த்திருப்பீர்கள். டி.ஆர். சுந்தரம் 1930களில் தொடங்கிய ஸ்டூடியோ, நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள். இன்று நிற்பது அந்த வளைவுதான். அந்தப் படங்களின் பாட்டு இன்னும் டீக்கடையில் ஓடுகிறது.

அப்புறம், டிரம்மர் துரோகம் செய்துவிட்டு ஆர்கெஸ்ட்ராவில் ரிதம் பேட் வாசிக்கப் போனார் என்கிறீர்கள். வேறென்ன செய்வார்? மாரியம்மன் பண்டிகைக் கச்சேரி முடிந்தால் அன்றைக்கே கையில் காசு. உங்கள் பேண்டில் வண்டிக்கு பெட்ரோல் போட்டதே அவர்தான் என்று மூன்றாம் பக்கத்தில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

சரி, எட்டுப் பாட்டு இருந்தது என்கிறீர்களே. விரல்கள் மறப்பதற்குள் அதில் நாலைப் பொறுக்கி, ஒரு ஸ்டூடியோவை ஒருநாள் வாடகைக்கு எடுங்கள். டிரம்மரிடம் ஆனி மாதத்திலேயே தேதி வாங்கிவிடுங்கள்; ஆடி பிறந்துவிட்டால் அவர் கிடைக்க மாட்டார். இந்த முறை சம்பளம் பேசிக் கூப்பிடுங்கள்.