கடலூரில் இருக்கிறேன். வாட்டர்கலர் வரைவேன், லேப்டாப் உண்டு, பட்ஜெட் குறைவு. டிஜிட்டல் ஓவியத்துக்கு எந்த டேப்லெட், எந்த மென்பொருள் வாங்கலாம்?

திரை இல்லாத பென் டேப்லெட் (லேப்டாப்போடு இணைத்து, பேனாவால் வரையும் பலகை) ஒன்று, மென்பொருளுக்கு கிரிட்டா. நான் புதுச்சேரியில் இவற்றை வைத்துத்தான் வரைகிறேன். உங்களுக்கும் இதையே சொல்வேன்.

விளம்பரங்களில் 8192, 16384 என்று பிரஷர் அளவை, அதாவது பேனாவின் அழுத்தத்தை எத்தனை நிலைகளாக உணரும் என்பதை, பெரிதாகப் போடுவார்கள். அந்த வித்தியாசம் கைக்குத் தெரியாது. நீங்கள் பார்க்க வேண்டியது வரையும் பரப்பு. வாட்டர்கலரில் முழங்கையிலிருந்து கையை வீசி வாஷ் போட்டுப் பழகியவருக்குச் சின்ன டேப்லெட்டில் மணிக்கட்டு மட்டும்தான் அசையும், சீக்கிரம் வலிக்கும். 10 x 6.25 அங்குலப் பரப்புள்ள ஹுயான் எச்1060பி அல்லது எக்ஸ்பி-பென் டெகோ 01 வி2 எடுங்கள். இரண்டின் பேனாவுக்கும் சார்ஜ் வேண்டாம். வாக்கம் (Wacom) நிறுவன டேப்லெட்டுகளும் அருமையானவைதான், ஆனால் இதே பரப்புள்ளதற்கு விலை கூடுதல்.

வாங்கியதும் முதல் வேலை, டிரைவர் (டேப்லெட்டை லேப்டாப்பில் இயக்கும் மென்பொருள்) செட்டிங்கில் டேப்லெட் பரப்பின் விகிதத்தைத் திரையோடு பொருத்துவது. இந்த டேப்லெட்டுகள் 16:10, பல லேப்டாப் திரைகள் 16:9. பொருத்தாமல் விட்டால் நீங்கள் போடும் வட்டம் திரையில் லேசாக நீள்வட்டமாகிவிடும். கை சரியாகத்தான் போகிறது, கோடு மட்டும் தப்புகிறது என்று பலர் மனம் விட்டுவிடுவது இங்கேதான். அப்புறம் கையைப் பார்க்காமல் திரையைப் பார்த்து வரையக் கொஞ்ச நாள் பிடிக்கும். தேவனாம்பட்டினம் கடற்கரையின் தொடுவானம், படகின் வளைவு என்று நீளக் கோடுகளாகப் போட்டுப் பழகுங்கள்.

கிரிட்டா அதன் தளத்தில் இலவசம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். ஈரம் பரவுவது போன்ற வாட்டர்கலர் பிரஷ்கள் கூடவே வரும். பிரஷர் வேலை செய்யாவிட்டால் பயப்பட வேண்டாம். விண்டோஸில் கிரிட்டாவின் டேப்லெட் செட்டிங்கில் பேனாவின் அசைவைப் படிக்கும் விண்டாப், விண்டோஸ் இங்க் என்ற இரண்டு முறைகளையும் மாற்றிப் பாருங்கள், அநேகமாகச் சரியாகிவிடும். காமிக்ஸ் பக்கம் போவதாக இருந்தால் கிளிப் ஸ்டுடியோ பெயின்ட் என்ற மென்பொருள் பற்றி யோசிக்கலாம். புரோகிரியேட் என்ற வரையும் ஆப் ஐபேட் வைத்திருப்பவர்களுக்கு.

பிரின்ட் போடும் எண்ணம் இருந்தால் கேன்வாஸைத் தொடக்கத்திலேயே பெரிதாக வையுங்கள். ஏ4 அளவுக்கு 300 டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) 2480 x 3508 பிக்சல். சின்னதாக வரைந்துவிட்டுப் பிறகு பெரிதாக்கினால் பிரஷ் தடமெல்லாம் மங்கிவிடும்.