ஃபுளோரைடு பற்பசை ஆபத்தா? பல் துலக்க ஏற்ற நேரம் எது?

விழுங்காமல் துப்பினால் பயப்பட வேண்டியதில்லை. பெரியவர்களுக்கான பற்பசையில் பொதுவாகப் பத்து லட்சத்தில் 1000 முதல் 1500 பங்குதான் ஃபுளோரைடு. அமிலம் அரித்த எனாமலில் (பல்லின் கடினமான மேலுறையில்) தாதுக்கள் மீண்டும் படிய அது உதவுகிறது. குழந்தைகளிடம்தான் கவனம் தேவை. பல் உருவாகும் வயதில் தொடர்ந்து விழுங்கினால் பல்லில் வெண்திட்டுகள் விழலாம். 3 வயதுவரை அரிசி மணியளவு, 6 வயதுவரை பட்டாணியளவு போதும். (விளம்பரத்தில் பிரஷ் முழுக்கப் பிதுக்குவது விற்பனைக்காக!)

நேரத்தைக் கேட்டால், இரவில் துலக்குவதை விடவே கூடாது என்பேன். தூக்கத்தில் உமிழ்நீர் குறைந்து பல்லுக்குக் காவல் இல்லாமல் போகிறது. நுரையைத் துப்பிவிட்டு அப்படியே விடுங்கள். கொப்பளித்தால் ஃபுளோரைடும் கழுவப்பட்டுவிடும். காலையில் சாப்பிடும் முன்பே துலக்கலாம். புளிப்பான பழச்சாறு குடித்திருந்தால் மட்டும் அரை மணி நேரம் பொறுங்கள். இளகிய எனாமல் தேய்ந்துவிடும்.