எண்கோணக் கூண்டும் கல்யாண மண்டபமும்

வணக்கம் ஐயா. எம்.எம்.ஏ. (கலப்புத் தற்காப்புக் கலைச் சண்டை) பற்றிய உங்கள் கட்டுரைகளை எங்கள் ஜிம்மில் எல்லோரும் படிக்கிறோம். ஒரு வாக்குவாதம் தீரவே மாட்டேன் என்கிறது. உலகிலேயே பெரிய எம்.எம்.ஏ. அரங்கம் எது? லாஸ் வேகஸின் டி-மொபைல் அரினா என்கிறார் ஒருவர். ஜப்பானின் சைதாமா சூப்பர் அரினா என்கிறார் இன்னொருவர். அடுத்தது எங்கள் சொந்தக் கவலை. கிருஷ்ணகிரி மாவட்ட அளவில் ஓர் அமெச்சூர் போட்டி நடத்தப் போகிறோம். ஒரு கல்யாண மண்டபம் பேசியிருக்கிறோம். 50 அடி அகலம், 90 அடி நீளம், சீலிங் 14 அடி. யூஎஃப்சி (எம்.எம்.ஏ. போட்டிகள் நடத்தும் அமெரிக்க நிறுவனம்) மாதிரியே 30 அடி எண்கோணக் கூண்டும் 4 அடி மேடையும் போடலாமா?
– வாசகர், காவேரிப்பட்டணம்

அன்புள்ள நண்பருக்கு,

தலைக்கணக்கு என்று பார்த்தால் இரண்டு பேரும் தோற்றார்கள். யூஎஃப்சி வரலாற்றில் பெருங்கூட்டம் கூடியது 2019-இல், மெல்போர்னின் மார்வெல் ஸ்டேடியத்தில்: 57,127 பேர். அதற்கு முன் 2015-இல் அதே இடத்தில் 56,214. 2011-இல் டொரோண்டோ ரோஜர்ஸ் சென்டரில் 55,724. இந்த இரண்டுமே கூரையை மூடித் திறக்கும் விளையாட்டு மைதானங்கள். டி-மொபைல் அரினா கொள்வது 20,000 பேர்தான். சைதாமாவில் 9,200 இருக்கைகளோடு ஒரு பகுதிக் கட்டடமே சுமார் 70 மீட்டர் நகரும். முழுக்கத் திறந்தால் 36,000 பேருக்கு மேல் உட்காரலாம்.

ஆனால் கூட்டம் வேறு, வசூல் வேறு. டொரோண்டோவில் 55,724 பேருக்கு வசூல் சுமார் 1.2 கோடி டாலர். நியூயார்க் மாநிலம் எம்.எம்.ஏ.வுக்கு 1997-இல் போட்ட தடையை 2016-இல் நீக்கியதும், அந்த நவம்பரில் மாடிசன் ஸ்கொயர் கார்டனில் யூஎஃப்சி 205 நடந்தது. 20,427 பேர், 1.77 கோடி டாலர். 2024 செப்டம்பரில் லாஸ் வேகஸ் ஸ்ஃபியரில் ஏறக்குறைய 16,000 பேரே இருந்தார்கள், வசூல் 2 கோடி டாலரைத் தாண்டியது.

காரணம் கண்பார்வை. கிரிக்கெட்டில் பந்து எங்கே போனாலும் கூட்டத்துக்குத் தெரியும். இங்கே ஆட்டம் முழுவதும் 30 அடிக்குள். அதிலும் பாதி நேரம் தரையில். மைதானத்தின் கடைசி வரிசையில் இருப்பவர் திரையைத்தான் பார்க்கிறார், அதை வீட்டிலேயே பார்க்கலாம். முதல் வரிசைக்கு லட்சக்கணக்கில் கொடுத்தவருக்கும் இதே தொல்லை உண்டு. மேடை 4 அடி, நாற்காலியில் உட்கார்ந்தவரின் கண்ணும் கிட்டத்தட்ட 4 அடி. சண்டைத் தளத்தில் விரித்த கேன்வாஸ் கண்மட்டத்துக்கு வந்துவிடுகிறது. தரையில் உருளும் இருவரில் மேலே இருப்பவரின் முதுகு தெரியும், கீழே இருப்பவர் கழுத்தை நெரிக்கிறாரா, நெரிபடுகிறாரா என்று தெரியாது. போதாததற்குக் கம்பமும் கேமராக்காரரும் குறுக்கே. நல்ல இருக்கை என்பது தரையை ஒட்டி எழும் முதல் கேலரியின் நடுப்பகுதி. எருது விடும் விழாவில் மொட்டை மாடிக்காரருக்குக் கிடைக்கும் மரியாதை இங்கே அந்த வரிசைக்கு.

அரங்கம் ஆட்டத்தையே மாற்றுவதும் உண்டு. 2015-இல் மெக்சிகோ சிட்டி அரினாவில், கடல் மட்டத்துக்கு மேல் 2,240 மீட்டரில், கெய்ன் வெலாஸ்கெஸ் என்ற வீரர் மூச்சு வாங்கி மூன்றாம் சுற்றில் ஃபாப்ரிசியோ வெர்டுமிடம் கழுத்துப் பிடியில் விழுந்தார். வெர்டும் முன்கூட்டியே போய் அந்த உயரத்துக்கு உடம்பைப் பழக்கியிருந்தார். (ஓசூர் உயரமெல்லாம் இந்தக் கணக்கில் வராது, பயப்பட வேண்டாம்.) உயரம் மட்டுமல்ல, ஊரின் கடிகாரமும் தொல்லை தரும்: 2024-இல் மான்செஸ்டர் கோ-ஆப் லைவ் அரங்கில் அமெரிக்கத் தொலைக்காட்சிக்காக முக்கியப் போட்டிகள் அதிகாலை 3 மணிக்குத் தொடங்கின.

இனி உங்கள் மண்டபம். 30 அடி வேண்டாம். 30 என்பது உள் அளவு. வெளியே சுற்று நடைபாதையோடு 38 அடி ஆகிவிடும். 50 அடி அகலத்தில் பக்கத்துக்கு 6 அடிதான் மிச்சம். அதில் நடுவர் மேஜை, மருத்துவர், கேமரா எல்லாம் போனால் ஸ்ட்ரெச்சர் திரும்பாது. பரவலாகப் பின்பற்றப்படும் ஒருங்கிணைந்த விதிகள் 20 முதல் 32 அடி வரை அனுமதிக்கின்றன. 22 அடி போடுங்கள். வெளி அளவு 30, பக்கத்துக்கு 10 அடி கிடைக்கும். லாஸ் வேகஸில் யூஎஃப்சியின் சொந்த அரங்கமான ஏபெக்ஸிலேயே 25 அடிக் கூண்டில் போட்டி நடந்திருக்கிறது. பரப்பு குறைந்தால் விலகி ஓட இடமிருக்காது, கட்டிப்பிடியும் கம்பியோரச் சண்டையும் கூடும். வீரர்களிடம் அளவை முன்னதாகவே சொல்லிவிடுங்கள்.

மேடை உயரம்தான் பெரிய ஆபத்து. விதியில் 4 அடி என்பது உச்சவரம்பு, கட்டாயமல்ல. 14 அடி சீலிங்கில் மின்விசிறி இறக்கை 11 அல்லது 12 அடியில் சுற்றும். 4 அடி மேடையில் ஆறடி ஆள் கையைத் தூக்கினால் விரல் 12 அடிக்குப் போகும். ஜெயித்தவர் கையை நடுவர் தூக்கும் நேரத்தை நினைத்துப் பாருங்கள். கம்பிமேல் ஏறி உட்கார்ந்து கொண்டாடுகிறவர் இன்னும் மோசம். மேடையை ஒன்றரை அடிக்குள் வைத்து, கூண்டுக்கு மேலுள்ள விசிறிகளைக் கழற்றச் சொல்லுங்கள். பதிலுக்கு ஏர் கூலரைக் கூண்டுப் பக்கம் திருப்பிவிடாதீர்கள், ஈரக்காற்றில் கேன்வாஸ் நசநசக்கும். பெடஸ்டல் ஃபேன் போதும். விளக்கை ஃபால்ஸ் சீலிங்கில் தொங்கவிடாமல் தரையில் நிற்கும் ட்ரஸ்ஸில் (உலோகச் சட்டத்தில்) மாட்டுங்கள்.

மேடை தாழ்ந்தால் பின்வரிசைக்கு ஒன்றும் தெரியாது. மணமேடையில் விருந்தினரை மட்டும் உட்காரவைத்து வீணாக்காமல், அங்கே டிக்கெட் போடுங்கள், மண்டபத்தில் உயரமான இடம் அதுதான். மற்றவர்களுக்கு இரண்டு பெரிய டி.வி.யும், ஏணிமேல் நின்று எடுக்கும் ஒரு கேமராவும்.

தளத்துக்கு 18 மி.மீ. பிளைவுட் இரண்டு அடுக்கு, மேல் அடுக்கின் இணைப்பு கீழ் அடுக்கின் இணைப்புக்கு நேராக வரக்கூடாது. அதன்மேல் குறைந்தது ஓர் அங்குல ஃபோம். ஃபோம் துண்டுகளுக்கு நடுவே இடைவெளி விட்டால் கால் விரல் சிக்கிக் கணுக்கால் திருகும், எல்லா இணைப்பிலும் டேப் ஒட்டுங்கள். மேலே கனத்த கேன்வாஸ், இழுத்து அடியில் கட்ட வேண்டும். ஸ்பான்சர் பெயரை அச்சடிக்க வசதி என்று ஃப்ளெக்ஸ் விரிக்கச் சொல்வார்கள். விரித்தால் இரண்டாவது போட்டியிலேயே வியர்வையில் வழுக்கும். கேன்வாஸிலும் பெயிண்ட் அடித்த லோகோ வழுக்கும், ஸ்பான்சர் பெயரெல்லாம் கம்பத்து உறையில் போகட்டும்.

வலைக்கு வினைல் பூசிய செயின் லிங்க், உயரம் குறைந்தது ஐந்தரை அடி. வெட்டிய முனைகள் வெளிப்பக்கம் மடங்க வேண்டும். கம்பங்களுக்கு மெத்தை உறை. கதவு இரண்டு. ஒன்றையாவது ஸ்ட்ரெச்சர் நுழையும் அகலத்தில் செய்து, அங்கிருந்து மண்டப வாசல்வரை நாற்காலி போடாமல் 5 அடி விடுங்கள். ஆம்புலன்ஸ் வாசலிலேயே நிற்கட்டும். அது ஒருவரை ஏற்றிக்கொண்டு போய்விட்டால் திரும்பி வரும்வரை அடுத்த போட்டியைத் தொடங்கக்கூடாது.

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் டேப்போடு போய் அகலத்தைச் சுவரிலிருந்து சுவருக்கு அளக்காமல் தூணிலிருந்து தூணுக்கு அளந்து பாருங்கள். 50 அடி என்று சொல்லப்படும் மண்டபம் தூணுக்குள் 42 அடியாக இருந்தால் 22 அடிக் கூண்டும் நெருக்கடிதான். அப்போது 20-க்கு இறங்குங்கள், அல்லது வேறு மண்டபம் பாருங்கள்.