பணம் கட்டியும் சேனல் பூட்டியே இருக்கிறதா?

டிடிஎச் பெட்டி பற்றி வந்த கடிதங்களை இந்த முறை ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன். எல்லாவற்றிலும் ஓடுவது ஒரே சங்கடம்தான்: படம் வரவில்லை, மெக்கானிக் எதையோ மாற்றச் சொல்கிறார், மாற்றலாமா?

இரண்டு மாதம் பெங்களூரில் மகன் வீட்டில் இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பினோம். ரயிலில் வரும்போதே மகன் ஃபோனில் ரீசார்ஜ் செய்துவிட்டான், எஸ்.எம்.எஸ்.ஸும் வந்தது. வீட்டில் டிவியைப் போட்டால் தூர்தர்ஷன் மட்டும் தெளிவாக வருகிறது. மற்றதெல்லாம் கறுப்புத் திரை, 'இந்தச் சேனலுக்குச் சந்தா இல்லை' என்று ஒரு வரி. டிஷ்ஷை மாற்ற வேண்டும் என்கிறார் தெருமுனை மெக்கானிக். மாற்றத்தான் வேண்டுமா? — கும்பகோணம் வாசகி

வேண்டாம் அம்மா, டிஷ்ஷைத் தொடவே வேண்டாம். தூர்தர்ஷன் தெளிவாக வருகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். டிஷ் கெட்டிருந்தால் அதுவும் வந்திருக்காது. வானத்திலிருந்து சிக்னல் உங்கள் பெட்டி வரைக்கும் ஒழுங்காக வந்து சேர்கிறது. பெட்டி பூட்டைத் திறக்கவில்லை, அவ்வளவுதான்.

ஏன் திறக்கவில்லை என்று கேட்பீர்கள். கட்டணச் சேனல்களை நிறுவனம் குழப்பிய நிலையில்தான் மேலே அனுப்புகிறது. அந்தக் குழப்பத்தைத் தெளியவைக்கும் சாவி சில விநாடிகளுக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருக்கும். அந்தச் சாவியைப் பயன்படுத்தும் உரிமை உங்கள் பெட்டிக்கு உண்டா என்பது பெட்டிக்குள் இருக்கும் கார்டிலோ சிப்பிலோ பதிவாகி இருக்கும். நீங்கள் பணம் கட்டியதும் 'இந்த எண் பெட்டிக்கு இந்தச் சேனல்களைத் திறந்துவிடு' என்ற ஓர் உத்தரவு சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் செயற்கைக்கோள் வழியாகவே இறங்கி வருகிறது. ஊர் முழுக்க எல்லாப் பெட்டிகளுக்கும் அது கேட்கும், தன் எண் வந்தால் மட்டும் அந்தப் பெட்டி எடுத்துக்கொள்ளும். உங்கள் பெட்டியால் திருப்பிக் கேட்க முடியாது. இது ஒருவழிப் பாதை. தண்டோராப் போடுகிற நேரத்தில் வீட்டில் ஆள் இல்லை என்றால் சேதி தெரியாமல் போகிறது அல்லவா, அதே கதைதான். மகன் ரீசார்ஜ் செய்தபோது இங்கே பெட்டியின் சுவிட்ச் அணைந்திருந்தது. உத்தரவு வந்து போய்விட்டது.

இப்போது செய்ய வேண்டியது இது. பெட்டியைப் போட்டு, தெளிவாக வரும் தூர்தர்ஷனிலேயே விட்டுவிடுங்கள். பூட்டிய சேனலைத் திரும்பத் திரும்பத் தட்டிப் பார்ப்பதில் பயன் இல்லை. பிறகு உங்கள் பெயரில் பதிவான ஃபோனிலிருந்து வாடிக்கையாளர் சேவைக்குப் பேசியோ, அவர்களுடைய ஆப் வழியாகவோ உத்தரவை மறுபடி அனுப்பச் சொல்லுங்கள். 'ரெஃப்ரெஷ்' என்று கேட்டால் அவர்களுக்குப் புரியும். அரை மணி நேரம் பெட்டி ஓடட்டும். பெரும்பாலும் அதற்குள் ஒவ்வொன்றாகத் திறந்துவிடும்.

அப்படியும் திறக்காவிட்டால் ஒரே ஒரு சோதனை. ரிமோட்டில் மெனுவுக்குப் போய், பெட்டி விவரம் என்ற பக்கத்தில் இருக்கும் வாடிக்கையாளர் எண்ணைத் தாளில் எழுதுங்கள். மகனுக்கு வந்த எஸ்.எம்.எஸ்.ஸில் இருக்கும் எண்ணோடு ஒவ்வொரு இலக்கமாக ஒப்பிடுங்கள். பிள்ளைகள் வெளியூரிலிருந்து கட்டும்போது தங்கள் வீட்டுப் பெட்டி எண்ணுக்கே கட்டிவிடுவது அடிக்கடி நடக்கிறது. கார்டு போடும் பெட்டியாக இருந்தால், மின்சாரத்தை அணைத்துவிட்டுக் கார்டை உருவி, அதன் பொன்னிறத் தகட்டை உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்து, பழைய பக்கமாகவே செருகுங்கள். இரண்டு மாதம் பூட்டிக் கிடந்த வீட்டில் அதன்மேல் தூசியும் ஈரமும் படிந்திருக்கும்.

மழை விட்டு மூன்று நாளாகிறது. பாதிச் சேனல்கள் நன்றாக வருகின்றன. மீதியில் படம் கட்டம் கட்டமாக உடைந்து, குரல் வெட்டி, கடைசியில் 'சிக்னல் இல்லை' என்று வருகிறது. டிஷ்ஷில் சிக்னலைப் பிடிக்கும் எல்.என்.பி. கருவி போய்விட்டது என்று மாற்றிக்கொண்டேன். அப்புறமும் அப்படியே இருக்கிறது. — தக்கலை வாசகர்

உங்களுடையது பூட்டு அல்ல, சிக்னல் கோளாறு. கட்டம் கட்டமாக உடைந்தாலே வழியில் எங்கோ சிக்னல் சிந்துகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

மழை பெய்யும்போது படம் போவது இயல்பு. டிடிஎச் பயன்படுத்தும் அலையின் நீளம் சுமார் இரண்டரை சென்டிமீட்டர்தான். கனத்த மழைத்துளிகள் அதை உறிஞ்சியும் சிதறடித்தும் விடுகின்றன. மழை விட்டால் தானாக வந்துவிடும். உங்களுக்கு மூன்று நாளாகியும் வரவில்லை என்றால் தண்ணீர் எங்கோ உள்ளே புகுந்திருக்கிறது.

பாதிச் சேனல் மட்டும் போவது நல்ல தடயம். டிஷ்ஷின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் எல்.என்.பி.க்கு மின்சாரம் தனியாக வருவதில்லை, பெட்டிதான் அதே கேபிள் வழியாக அனுப்புகிறது. நிறுவனம் செங்குத்து அலை, கிடை அலை இரண்டையும் பயன்படுத்தினால், ஒரு வகைக்கு 13 வோல்ட்டும் மற்றதற்கு 18 வோல்ட்டும் போக வேண்டும். கேபிள் முனையில் துரு ஏறியிருந்தால் 18 வோல்ட் போய்ச் சேருவதற்குள் இளைத்துவிடும். எல்.என்.பி. 13 என்று நினைத்துக்கொண்டு மற்ற வகையிலேயே நின்றுவிடும். 18 வோல்ட் கேட்கும் சேனல்கள் மட்டும் அப்படியே போய்விடும்.

எனக்கும் இது நேர்ந்திருக்கிறது. வந்த மெக்கானிக் புது எல்.என்.பி. மாட்டிக் காசும் வாங்கிக்கொண்டு போனார், மறுநாள் அதே கதை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானே மொட்டை மாடிக்குப் போய் எல்.என்.பி. பக்கத்துத் திருகு முனையைக் கழற்றினேன். உள்ளே இருந்த செம்புக் கம்பி, பாத்திரத்தில் களிம்பு ஏறுவதுபோல் பச்சையாக இருந்தது. விரலால் தொட்டதும் பொடியாக உதிர்ந்தது. கேபிளை இன்னும் கொஞ்சம் கீழே வெட்டிப் பார்த்தால் சுற்றியிருந்த வெள்ளிநிற வலையும் கறுத்திருந்தது. ஒரு முழம் வெட்டி எறிந்த பிறகுதான் பளபளப்பான கம்பி கிடைத்தது. புது முனையும் டேப்பும் வாங்க ஆன செலவு, பஸ் டிக்கெட் அளவுதான்.

நீங்கள் கழற்றுமுன் பெட்டியின் மின்சாரத்தைக் கட்டாயம் அணையுங்கள். ஓடும்போது கழற்றினால் கம்பியும் வலையும் உரசிப் பெட்டியே கெட வாய்ப்புண்டு. முனை போடும்போது நடுக் கம்பி இரண்டு மூன்று மில்லிமீட்டர் வெளியே நீட்டியிருக்க வேண்டும். வலையின் ஓர் இழைகூட அதைத் தொடக் கூடாது. டேப்பைக் கீழிருந்து மேலாகச் சுற்றுங்கள், ஓடு வேய்வதுபோல் மேல்சுற்று கீழ்ச்சுற்றை மூடும், தண்ணீர் வழிந்துவிடும். கேபிள் சுவருக்குள் நுழையும் இடத்தில் சற்றுத் தொய்வாக விட்டால் மழைநீர் அந்தத் தொய்விலேயே சொட்டிவிடும், பெட்டி வரை வராது. நடுவில் எங்காவது முறுக்கி டேப் சுற்றிய ஒட்டு இருந்தால் அதையும் சந்தேகப்படுங்கள்.

உங்கள் ஊர்ப் பக்கம் இன்னொன்றும் உண்டு. டிஷ் வைத்த பிறகு வளர்ந்த தென்னை. காற்று அடிக்கும்போது மட்டும் படம் உடைந்தால் ஓலை குறுக்கே வருகிறது என்று பொருள்.

சரி, கையை வைப்பதற்கு முன்பும் பின்பும் மெனுவில் சிக்னல் பக்கத்தைப் பாருங்கள். அங்கே வலிமை, தரம் என்று இரண்டு அளவு இருக்கும். படத்தைத் தீர்மானிப்பது தரம்தான். வலிமை நிறைய இருந்து தரம் சுழியில் நின்றால், டிஷ் வேறு செயற்கைக்கோளின் பக்கம் திரும்பியிருக்கவும் கூடும்.

வருடத்தில் சில நாள் மட்டும், முற்பகலில் ஐந்து பத்து நிமிடம் படம் மொத்தமாகப் போய்த் திரும்பி வருகிறது. வெயில் நன்றாக அடிக்கிறது. என்ன கோளாறு? — திருநெல்வேலி வாசகர்

கோளாறே இல்லை. மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும் சில நாள்கள், நம் டிஷ் பார்க்கும் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் சூரியன் வந்து நிற்கும். சூரியனிலிருந்து வரும் இரைச்சலில் சிக்னல் மூழ்கிவிடும். யாரையும் கூப்பிடாதீர்கள்.

எங்கள் வீட்டில் மட்டும் ஒரு குழுமத்தின் சேனல்கள் எல்லாம் ஒரே இரவில் காணாமல் போய்விட்டன. பேக் மாற்றவில்லை, பணமும் இருக்கிறது. — மதுரை வாசகி

'எங்கள் வீட்டில் மட்டும்' என்பதை முதலில் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். அதே நிறுவனத்தின் பெட்டி வைத்திருக்கும் பக்கத்து வீட்டில் கேட்டால் பாதி விடை கிடைத்துவிடும். 2010 ஜூலையில் இன்சாட்-4பி செயற்கைக்கோளில் மின்சாரக் கோளாறு ஏற்பட்டு அதன் கருவிகளில் பாதியை நிறுத்த வேண்டி வந்தது. அப்போது சன் டைரக்ட் வீடுகளில் சேனல்கள் போயின. 2023 பிப்ரவரியில் நடந்தது வேறு மாதிரி: புதிய விலை ஒப்பந்தத்தில் கையெழுத்திடாத பல கேபிள் நிறுவனங்களுக்குப் பெரிய ஒளிபரப்பாளர்கள் சிலர் தங்கள் சேனல்களைச் சில நாள் நிறுத்தினார்கள். இரண்டிலும் வீட்டுக்காரர் செய்ய எதுவும் இருக்கவில்லை.

பக்கத்து வீட்டில் வருகிறது, உங்களுக்கு மட்டும் இல்லை என்றால் பேக்கைப் பாருங்கள். 2019 பிப்ரவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராயின் புதிய முறை வந்ததிலிருந்து ஒவ்வொரு சேனலுக்கும் தனி விலை உண்டு, சேனல் குழுமங்கள் தங்கள் தொகுப்புகளை மாற்றிக்கொண்டே இருக்கின்றன. பழைய தொகுப்பை நிறுத்திவிட்டுப் புதிதாக ஒன்றைக் கொண்டுவந்தால் உங்கள் பட்டியலிலிருந்து அது நழுவிப்போகலாம். ஆப்பில் இப்போதைய பட்டியலைத் திறந்து, வேண்டிய சேனல் இருக்கிறதா என்று ஒருமுறை படித்துவிடுங்கள். அந்தச் சேனல் மட்டும் வேண்டுமானால் தனியாகவே சேர்க்கலாம், முழுத் தொகுப்பும் வாங்க வேண்டியதில்லை.

எல்லாக் கட்டணச் சேனலும் இலவசமாகத் திறக்கும் பெட்டி ஒன்றைக் கடையில் காட்டினார்கள். ஒருமுறை பணம் கொடுத்தால் போதுமாம், இன்டர்நெட்டில் இணைக்க வேண்டுமாம். வாங்கலாமா? — ஈரோடு வாசகர்

வாங்காதீர்கள். யாரோ ஒருவர் பணம் கட்டிய கார்டின் சாவியை இன்டர்நெட் வழியாகப் பலருக்குப் பங்கு போடும் திருட்டு இது. நிறுவனம் அந்தக் கார்டை முடக்கும் நாளில் உங்கள் பெட்டியும் குருடாகிவிடும். கடைக்காரர் பில் தரமாட்டார், ஆகவே நீங்கள் எங்கும் முறையிட முடியாது. பதிப்புரிமைச் (காப்பிரைட்) சட்டத்தில் 2012-இல் சேர்த்த 65ஏ பிரிவின்படி இப்படிப் பாதுகாப்புப் பூட்டை உடைப்பதற்கு இரண்டு ஆண்டு வரை சிறைத் தண்டனையும் அபராதமும் உண்டு.

மாதச் சந்தா கட்ட முடியவில்லை என்பதுதான் உங்கள் கஷ்டம் என்றால், அதற்கு நேர்மையான வழி இருக்கிறது: தூர்தர்ஷனின் டிடி ஃப்ரீ டிஷ். 2004 டிசம்பரில் டிடி டைரக்ட் பிளஸ் என்று தொடங்கியது. பெட்டிக்கும் டிஷ்ஷுக்கும் ஒருமுறை செலவு, அப்புறம் மாதச் சந்தா கிடையாது. பொதிகை என்று நாம் அறிந்த இன்றைய டிடி தமிழ் அதில் வரும். ஆனால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இந்திச் சேனல்களோடு ஒப்பிட்டால் தனியார் தமிழ்ச் சேனல்கள் அதில் குறைவு. சீரியலுக்காக வாங்கினால் வீட்டில் மனக்குறை வரும். செய்தி, பழைய பாட்டு, பள்ளிப் பாடச் சேனல்கள் போதும் என்றால் நல்ல பொருள். தூர்தர்ஷன் அங்கீகரித்த எம்பெக்-4 பெட்டியா என்று கேட்டு, பில்லோடு வாங்குங்கள்.

நிறுவனத்தை மாற்றினேன். பழைய பெட்டியையே புதிய நிறுவனத்துக்குப் பயன்படுத்த முடியுமா? — கோயம்புத்தூர் வாசகர்

முடியாது. அந்தப் பெட்டிக்குத் தெரிந்தது பழைய நிறுவனத்தின் பூட்டு மட்டும்தான். எல்லாப் பெட்டியும் எல்லாவற்றுக்கும் பொருந்த வேண்டும் என்று 2020-இல் ட்ராய் பரிந்துரைத்தும், வாடிக்கையாளர் கைக்கு அது வந்து சேரவில்லை. நாம் காசு கொடுத்து வாங்கிய பெட்டி இப்படிப் பரணுக்குப் போவது எனக்கு ஆறவே இல்லை. டிஷ்ஷையும் கேபிளையும் மட்டும் புதிய நிறுவனத்தின் ஆளிடம் காட்டுங்கள். நல்ல நிலையில் இருந்தால் திசையைத் திருப்பி வைத்தே பயன்படுத்தலாம்.

மூன்று முறை புகார் செய்தேன். ஒவ்வொரு முறையும் ஆள் வந்து, விசிட் கட்டணம் வாங்கி, புதுப் பெட்டி வாங்கச் சொல்லிவிட்டுப் போகிறார். பெட்டிக்கு உத்தரவாதக் காலம் முடியவில்லை. — வேலூர் வாசகர்

உத்தரவாதத்தில் இருக்கும் பெட்டிக்குப் புதுப் பெட்டி வாங்கச் சொல்ல அவருக்கு எந்த உரிமையும் இல்லை. நீங்கள் கையில் வைத்திருக்க வேண்டியவை: வாங்கிய பில், ஒவ்வொரு புகாருக்கும் கொடுத்த எண், விசிட் கட்டணம் செலுத்திய ரசீது, திரையில் வந்த எழுத்தையும் குறியீட்டு எண்ணையும் ஃபோனில் எடுத்த படம். ரசீது தரவில்லை என்றால் இனி ரொக்கமாகக் கொடுக்காதீர்கள்.

இவற்றோடு, புகார்களைக் கவனிக்க நிறுவனம் வைத்திருக்கும் நோடல் அதிகாரிக்கு எழுதுங்கள், அவர் விவரம் அவர்கள் இணையதளத்திலேயே இருக்கும். பலர் நேராக ட்ராய்க்கு எழுதுகிறார்கள், ட்ராய் தனிநபர் புகார்களை விசாரிப்பதில்லை. பதில் வரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள். அதிலும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கோ சேவைக்கோ ஆணையத்தில் கட்டணம் இல்லை, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். இப்போது நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். மூன்று புகார் எண்களையும் தேதியோடு முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.