முதல் பத்து நிமிடத்துக்குள் ஒரு கேள்வி

தங்கச்சி, திருகோணமலை உப்புவெளியிலிருந்து ரொறன்ரோவுக்கு வந்து எட்டு மாதங்களாகின்றன, கணக்கியல் பிரிவில் நல்ல வேலையும் கிடைத்துவிட்டது, ஆனாலும் கூட்டங்களில் வாய் திறக்கப் போகும்போதெல்லாம் "என்னைத் தவறி எடுத்துவிட்டார்கள், ஒருநாள் பிடிபடுவேன்" என்று பயம் வருகிறது, இது எப்போது போகும் என்று கேட்டிருக்கிறீர்கள். வாடகைக்கும் குளிர்கால உடுப்புக்கும் வழி சொல்லப் பலர் இருக்கிறார்கள். நான் இதற்கு மட்டும் எழுதுகிறேன்.

பயம் போன பிறகு பேசலாம் என்று காத்திருக்காதீர்கள். 1997 இல் வந்த நான் அப்படிக் காத்திருந்தே நான்கு ஆண்டுகளை இழந்தேன். அப்போது வேலை செய்த அலுவலகத்தில் என் ஒவ்வொரு வசனமும் "சொறி", அதாவது மன்னிக்கவும், என்றே தொடங்கியது. நான் கண்டுபிடித்த கணக்குப் பிழையைப் பக்கத்து மேசைக்காரர் தன்னுடையதாகச் சொல்லிப் பாராட்டு வாங்கியபோதும் பேசாதிருந்தேன்.

இந்த உணர்வைப் பற்றி போலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்னும் அமெரிக்க உளவியலாளர்கள் 1978 இலேயே எழுதியிருக்கிறார்கள். அவர்கள் கண்ட 150க்கும் மேற்பட்ட பெண்கள் படிப்பிலும் தொழிலிலும் சிறந்தவர்கள். ஆகவே இன்னொரு சான்றிதழ் எடுத்தால் தீரும் என்று மாலை வகுப்புக்குப் பணம் கட்டாதீர்கள். நான் இரண்டு எடுத்தேன். பயம் வகுப்புக்கும் கூடவே வந்தது.

என்னை மாற்றியது பழக்கம். ஸ்காபரோவில் எங்கள் கட்டடத்தின் நிலக்கீழ் சலவை அறையில், ஞாயிறு இரவுகளில், உலர்த்தும் இயந்திரங்களின் இரைச்சலுக்குள் மறுநாள் கேட்க வேண்டிய ஒரே ஒரு கேள்வியைப் பத்துத் தடவை உரக்கச் சொல்லிப் பார்ப்பேன். கூட்டம் தொடங்கிப் பத்து நிமிடத்துக்குள் அதைக் கேட்டுவிட வேண்டும். தள்ளிப் போட்டால் தொண்டை அடைத்துவிடும். தெரியாததை "தெரியாது, நாளை பத்து மணிக்குள் பார்த்துச் சொல்கிறேன்" என்று சொல்லி, சொன்னபடி செய்தேன். யாராவது பாராட்டினால் "நன்றி" என்பதோடு நிறுத்தப் பழகினேன். "அது பெரிய விடயமில்லை" என்று சேர்க்காதிருப்பதுதான் எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது. மூன்றாம் மாதத்திலும் குரல் நடுங்கியது, ஆனால் கேள்வி வெளியே வந்துவிட்டது.

"தலையைக் குனிந்து வேலையைப் பார், கதைக்காதே" என்று நம்மவர்கள் சொல்வார்கள். ஊரில் போர்க்காலத்தில் சோதனைச்சாவடிகளைத் தாண்டிப் பள்ளிக்கூடம் போன தலைமுறைக்கு அந்த மௌனம் உயிரைக் காத்தது. இங்கே அதையே கருத்தில்லாதவள் என்று எழுதி வைப்பார்கள். வந்த நாளிலேயே எல்லாம் பழகிவிட்டது என்பவர்களை மட்டும் என்னால் பொறுக்க முடிவதில்லை, ஏனெனில் அவர்கள் மறைப்பதால்தான் உங்களைப் போன்றவர்கள் தமக்கு மட்டுமே இப்படி என்று நினைக்கிறார்கள்.

எட்டு வயதில், திருகோணமலை பத்திரகாளி அம்மன் கோயிலில் நவராத்திரி ஒன்பது இரவும் தேவாரம் பாட என்னை எழுப்பி நிறுத்தினார்கள். முதல் இரவு இரண்டாம் அடியை விழுங்கிவிட்டு அம்மாவின் சேலைக்குள் முகத்தைப் புதைத்தேன். ஆறாம் இரவு, பாடிக்கொண்டிருக்கும்போதே என் கண் பிரசாதக் கடலைத் தட்டின் மேல் இருந்தது.