கடிதம்: மொழியியல் படித்தால் என்ன செய்வார்கள்?

வணக்கம். என் மகள் தொடக்கக் கல்லூரி முடித்துவிட்டாள். மொழியியல் படிக்கப்போவதாகச் சொல்கிறாள். சொந்தக்காரர்கள் எல்லாரும் 'எத்தனை மொழி பேசக் கத்துக்குவா?' என்று கேட்கிறார்கள். என் ஆசை வேறு. இங்கே பிள்ளைகள் பேசுவதெல்லாம் கொச்சைத் தமிழ். அதைத் திருத்த இந்தப் படிப்பு உதவுமா? வேலை கிடைக்குமா?
- ஒரு வாசகி, உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்

அன்புள்ள சகோதரிக்கு,

மகளுக்கு என் வாழ்த்துகள். நல்ல படிப்பு.

உங்கள் உறவினர்கள் அப்படிக் கேட்பது இயல்புதான். தமிழறிஞர்கள் தெ.பொ. மீனாட்சிசுந்தரனாரையும் (தெ.பொ.மீ.) கா. அப்பாத்துரையாரையும் பன்மொழிப்புலவர் என்றுதானே கொண்டாடினோம்! ஆங்கிலத்திலும் பல மொழி தெரிந்தவரை 'லிங்குவிஸ்ட்' என்பதுண்டு. துறைக்குள் அந்தச் சொல் மொழி எப்படி இயங்குகிறது என்று ஆராய்பவரைக் குறிக்கும். தெ.பொ.மீ. இரண்டுமாக இருந்தார். எல்லாரும் அப்படி இருக்க வேண்டியதில்லை.

'நாம்' என்றால் கேட்பவரும் சேர்த்தி, 'நாங்கள்' என்றால் இல்லை. மலாயிலும் கித்தா, காமி என்று அதே பிரிவு உண்டு. ஆங்கிலத்தின் 'வீ' இரண்டுக்கும் பொது. வீட்டில் ஆங்கிலமே பேசி வளரும் சிங்கப்பூர்ப் பிள்ளை தமிழில் இந்த வேறுபாட்டை எந்த வயதில் பிடித்துக்கொள்கிறது, அல்லது விட்டுவிடுகிறது? மொழியியலாளர் கேட்பது இந்த மாதிரிக் கேள்விகளைத்தான். அதற்கு மலாயை சரளமாகப் பேச வேண்டும் என்பதில்லை.

சரி, கொச்சைக்கு வருவோம். இங்கேதான் உங்களோடு மாறுபடுகிறேன்.

'எனக்குத் தெரியும்' என்று வீட்டில் பேசுகிற மாதிரியே சொல்லிப் பாருங்கள். கடைசியில் உதடு மூடாது. 'ம்' என்ற ஒலி தனியாக வராமல் முன்னால் உள்ள உயிரோடு கலந்து மூக்கொலியாகிவிடும். இப்போது 'தெரியுமா?' என்று கேளுங்கள். உதடு மூடித் திறக்கும். இதை உங்களுக்கு எந்த ஆசிரியரும் சொல்லித் தந்திருக்க மாட்டார். ஆனாலும் சின்ன வயதிலிருந்தே செய்துவருகிறீர்கள். உங்கள் மகளும் செய்வாள். பேச்சுத்தமிழ் முழுக்க இப்படிப்பட்ட விதிகள்தான். அவற்றைக் கண்டுபிடித்து எழுதிவைப்பது மொழியியலாளரின் வேலை. தொல்காப்பியர் 'வழக்கும் செய்யுளும்', அதாவது மக்கள் பேச்சும் செய்யுளும், இரண்டையும் ஆராய்ந்தே இலக்கணம் செய்தார் என்று அவர் நூலின் பாயிரமே சொல்கிறது. வழக்கைத் தாழ்வாக நினைப்பது அவர் வழியல்ல.

கட்டுரைக்கும் செய்திக்கும் எழுத்துத்தமிழ்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் வீட்டில் வாயைத் திறந்தாலே 'தப்பு' என்று கேட்கிற பிள்ளை பேசாமல் ஆங்கிலத்துக்குப் போய்விடும். இங்கே வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்று சொன்னவர்கள் 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 3.3 விழுக்காடு, 2020இல் 2.5 விழுக்காடு. இந்தச் சரிவு என்னைத் தூங்கவிடுவதில்லை. தமிழ்ப் பாடத்திட்டத்தை ஆராய்ந்த குழு 2005இலேயே வகுப்பறையில் பேச்சுத்தமிழுக்கு இடம் தரச் சொன்னது. எந்தப் பேச்சுத்தமிழ், அதன் இலக்கணம் என்ன என்று ஆசிரியருக்குச் சொல்ல, பேச்சைக் கவனித்துப் படித்தவர்கள் வேண்டாமா? உங்கள் மகள் அந்த வேலைக்கு வந்தால் எனக்கு மிகப் பெரிய மகிழ்ச்சி.

பிழைப்பைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். கற்பித்தல், அகராதி, பேச்சுச் சிகிச்சைக்கான மேற்படிப்பு, பேச்சைப் புரிந்துகொள்ளும் மென்பொருள் என்று வழிகள் இருக்கின்றன.

அப்புறம் ஒன்று. வகுப்பு தொடங்கும்வரை சும்மா இருக்க வேண்டாம். வீட்டில் தாத்தா பாட்டி இருந்தால், அவர்களிடம் அனுமதி கேட்டு, பழைய கதை பேசவிட்டுக் கைப்பேசியில் பதிவு செய்யச் சொல்லுங்கள். பிறகு காதில் விழுந்ததை விழுந்தபடியே எழுதட்டும், நம்மூர்ப் பேச்சில் ஒட்டிவரும் 'லா' வந்தாலும் மலாய்ச் சொல் வந்தாலும். எழுதியதை எனக்கு அனுப்பினால் ஆசையோடு படிப்பேன்.

அன்புடன்.